ஈரம் எவ்வளவு எஞ்சியது? மின்பகுப்பு வாயுக்களை உலர்த்திய வரலாறு

நீரை மின்சாரத்தால் பகுத்து ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பெறலாம் என்பதை 1800ஆம் ஆண்டு லண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் வோல்டாவின் மின்கல அடுக்கைக் கொண்டு காட்டினர். வேதியியல் வரலாற்றில் நன்கு அறியப்பட்ட நிகழ்வு இது. ஆனால் நீரிலிருந்து வெளிவரும் அவ்விரு வாயுக்களும் நீரைத் தம்முடன் சுமந்துகொண்டே வருகின்றன என்பதும், அந்த நீரை நீக்கும் முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேதியியலாளர்களைப் படாதபாடு படுத்தியது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆக்சிஜனின் அணு எடை பற்றிய நெடிய விவாதம் இந்த ஈரத்தோடு பின்னிப் பிணைந்தது. ஒரு தேர்ந்த சோதனையாளரின் புகழ் உயர்ந்ததும் பின்னர் சரிந்ததும் இதே ஈரத்தினால்தான். "உலர்ந்த வாயு" என்ற எளிய சொற்றொடர் ஆய்வகத்தில் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியே இவ்வரலாற்றின் மையம்.

1. சிக்கலின் அளவு

20 பாகை செல்சியசில் நீரின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 2.3 கிலோபாஸ்கல். ஆகவே அந்த வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில், மின்பகுப்புக் கலத்திலிருந்து வெளிவரும் வாயுவின் கனஅளவில் 2.3 விழுக்காடு நீராவியாகும். நூற்றுக்கு இரண்டு என்பது சிறு அளவாகத் தோன்றலாம். ஆனால் நீர் மூலக்கூறு ஹைட்ரஜன் மூலக்கூறைப் போல ஒன்பது மடங்கு எடையுள்ளது. ஒரு லிட்டர் ஈர ஹைட்ரஜனில் ஹைட்ரஜன் சுமார் 82 மில்லிகிராம் இருக்க, நீராவி சுமார் 17 மில்லிகிராம் இருக்கும். அதாவது ஹைட்ரஜனின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈரம் உடன் வருகிறது. ஆக்சிஜனில் நிலைமை வேறு. அங்கு ஒரு லிட்டரில் வாயு 1.3 கிராம் இருப்பதால், அதே 17 மில்லிகிராம் ஈரம் நூற்றில் 1.3 பங்கு மட்டுமே.

ஒரே அளவு ஈரம் ஒரு வாயுவின் எடையைச் சற்றே பிழையாக்குகிறது. மற்றதன் எடையை முற்றிலும் பொய்யாக்குகிறது. இவ்விரு எடைகளின் விகிதத்தை அறிய விரும்பியவர்களுக்கு இது எத்தகைய தொல்லை என்று சொல்ல வேண்டியதில்லை. நீராவி போதாதென்று, குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளும் வாயுவுடன் சேர்ந்து வருகின்றன. அத்துளிகளில் மின்பகுப்புக்குப் பயன்படுத்திய அமிலமோ காரமோ கலந்திருக்கும்.

2. டூமாவின் சாட்சிக் குழாய்

இந்த எடைகள் எதற்காகத் தேவைப்பட்டன? 1815ஆம் ஆண்டு வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவர், தனிமங்களின் அணு எடைகள் அனைத்தும் ஹைட்ரஜனின் அணு எடையின் முழு மடங்குகள் என்ற கருத்தைப் பெயர் குறிப்பிடாத கட்டுரையொன்றில் முன்வைத்தார். எல்லாப் பருப்பொருளும் ஹைட்ரஜனால் ஆனதாக இருக்கக்கூடும் என்ற கவர்ச்சியான எண்ணம் அதனுள் இருந்தது. அதைச் சோதிக்க மிக முக்கியமான எண், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். அது மிகச் சரியாக 16 தானா என்பதே கேள்வி.

1842இல் பாரிசில் ழான் பப்டிஸ்ட் டூமா இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் ஹைட்ரஜனை மின்பகுப்பால் பெறவில்லை. துத்தநாகத்தையும் கந்தக அமிலத்தையும் பயன்படுத்தினார். எனினும் நீர்க்கரைசலிலிருந்து பிறந்த வாயு என்பதால் உலர்த்தும் சிக்கல் இரண்டிற்கும் ஒன்றே. வாயுவை வரிசையான வளைகுழாய்களின் வழியே செலுத்தி முதலில் மாசுகளை நீக்கினார்; பின்னர் கந்தக அமிலத்தாலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடாலோ ஈரத்தை நீக்கினார். அந்த வரிசையின் முடிவில் முன்கூட்டியே எடைபோட்ட சிறு உலர்த்தும் குழாய் ஒன்றை வைத்தார். சோதனை முழுவதும் அதன் எடை மாறாதிருந்தால் வாயு உலர்ந்துவிட்டது என்பது பொருள். அந்தக் குழாய் ஒரு சாட்சி.

உலர்ந்த ஹைட்ரஜன் சூடான தாமிர ஆக்சைடின் மீது பாய்ந்து நீராக மாறியது. அந்த நீரையும் அதே வகை உலர்த்திகளே பிடித்து எடைபோட உதவின. ஆக, டூமாவின் கருவியில் நீர் இரு இடங்களில் பிடிபட்டது: முதலில் நீக்கவேண்டிய மாசாக, பின்னர் அளக்கவேண்டிய விளைபொருளாக. முதல் இடத்தில் தப்பிய ஈரம் இரண்டாம் இடத்தில் விளைபொருளின் கணக்கில் ஏறிவிடும். தாமிர ஆக்சைடு இழந்த எடை ஆக்சிஜன். கிடைத்த நீரிலிருந்து அதைக் கழித்தால் வருவது ஹைட்ரஜன். எனவே தப்பிய ஈரம் ஹைட்ரஜனின் எடையை மிகைப்படுத்தி, ஆக்சிஜனின் அணு எடையைக் குறைத்துக் காட்டும்.

டூமா 19 சோதனைகள் செய்தார், மொத்தம் 945.439 கிராம் நீர் உருவாக்கினார். ஆக்சிஜனின் அணு எடை 15.96 எனக் கிடைத்தது. 16க்கு இவ்வளவு அருகில் வந்த எண்ணைக் கண்டவர்கள், எஞ்சிய வேறுபாட்டைச் சோதனைப் பிழையாகக் கருதிப் பிரௌட்டின் கருத்துக்கு வலுச்சேர்க்க முடிந்தது.

சாட்சிக் குழாயின் வரம்பு எளிதில் புலப்படும். அதனுள் இருந்ததும் முந்தைய குழாய்களில் இருந்தது போன்ற உலர்த்தியே. கந்தக அமிலத்தால் பிடிக்க முடியாத ஈரத்தை மற்றொரு கந்தக அமிலக் குழாய் பிடித்துக் காட்டாது. சாட்சியின் எடை மாறவில்லை என்பது "இந்த உலர்த்தியால் இனி எடுக்க இயலாது" என்பதற்கான சான்று மட்டுமே. "ஈரம் இல்லை" என்பதற்கு அது சான்றாகாது.

3. மோர்லியின் கேள்வி

இந்த வேறுபாட்டை உள்ளபடி உணர்ந்து செயல்பட்டவர் எட்வர்டு மோர்லி. ஆல்பர்ட் மைக்கல்சனுடன் இணைந்து 1887இல் ஒளியின் வேகம் பற்றிய புகழ்பெற்ற சோதனையைச் செய்த அதே மோர்லி. இயற்பியல் மாணவர்கள் அவர் பெயரை அந்த ஒற்றைச் சோதனையோடு மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அவர் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தது ஆக்சிஜனின் அணு எடைக்காக.

மோர்லி முதலில் அணு எடையைத் தேடவில்லை. தன் உலர்த்திகளை விசாரித்தார். கந்தக அமிலம் ஒரு வாயுவில் எவ்வளவு ஈரத்தை விட்டுவைக்கிறது என்பதை 1885இல் அளந்து வெளியிட்டார். சில நூறு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் ஈரம் எஞ்சியது. கந்தக அமிலத்தைவிட வலிய உலர்த்தி ஒன்று இருந்ததால் அதை அளக்க முடிந்தது. அடுத்த கேள்வி கடினமானது. பாஸ்பரஸ் பென்டாக்சைடு விட்டுவைக்கும் ஈரத்தை எதைக் கொண்டு பிடிப்பது? அதனினும் வலிய உலர்த்தி அன்று கையில் இல்லை. ஆகவே சுற்றுவழியில், பெரும் கனஅளவு வாயுவைக் கையாண்டு, எடை மாற்றங்களிலிருந்து அதைக் கணிக்க வேண்டியிருந்தது. 1887இல் வெளியான முடிவின்படி, எஞ்சிய ஈரம் ஏறத்தாழ 40,000 லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அத்தனை லிட்டர் ஹைட்ரஜனின் எடை சுமார் 3.6 கிலோகிராம். எனவே ஈரத்தினால் வரும் பிழை முப்பத்தாறு லட்சத்தில் ஒரு பங்கு. தன் சோதனையில் வரக்கூடிய மற்றப் பிழைகளோடு ஒப்பிட்டால் இது புறக்கணிக்கத்தக்கது என்று மோர்லி இப்போது உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அதன் பிறகே அவர் முக்கியச் சோதனைகளை முடித்தார். ஹைட்ரஜனை நீர்த்த கந்தக அமிலத்தின் மின்பகுப்பிலிருந்து பெற்றுத் தூய்மையாக்கி, பாஸ்பரஸ் பென்டாக்சைடால் உலர்த்தினார். எடைபோடுவதற்குப் பல்லேடியம் உலோகத்தைப் பயன்படுத்தினார். பல்லேடியம் தன் கனஅளவைப் போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உட்கொள்ளும். சூடாக்கினால் அதை வெளிவிடும். பெரிய கண்ணாடிக் கோளத்தில் எடையே இல்லாதது போன்ற ஒரு வாயுவை நிறுப்பதற்குப் பதிலாக, உலோகத்தின் எடை வேறுபாட்டை நிறுக்க இது வழிசெய்தது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், அவை இணைந்து உருவான நீர் ஆகிய மூன்றையும் ஒரே சோதனையில் எடைபோட்டார். ஒன்றைக் கழித்தல் கணக்கால் பெறும் பழைய முறையைக் கைவிட்டார்.

1895இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் வெளியிட்ட அவருடைய நூலில் ஹைட்ரஜனை 1 எனக் கொண்டால் ஆக்சிஜனின் அணு எடை 15.879 என்ற முடிவு இடம்பெற்றது. இன்று ஏற்கப்பட்ட மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால் அவ்விகிதம் 15.87க்குச் சற்று மேல். அதே காலத்தில் இங்கிலாந்தில் ரேலே பிரபுவும் வாயுக்களின் அடர்த்தியை அளந்து 15.88 என்ற மதிப்பையே அடைந்திருந்தார். ஆக, விகிதம் 16 அன்று என்பது ஐயமற உறுதியானது. ஆக்சிஜனின் எடை ஹைட்ரஜனின் முழு மடங்கு என்ற எளிய வடிவில் பிரௌட்டின் கருத்து இனி நிற்க முடியாது.

இம்முடிவுக்கு ஈரத்தை நீக்கியது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, ஹார்வர்டில் குக்கும் ரிச்சர்ட்சும் பெற்ற 15.953 என்ற மதிப்பு, வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் கோளம் சற்றே சுருங்குவதைக் கணக்கில் கொண்டபின் 15.869 ஆகக் குறைந்தது. அச்சுருக்கத்தைச் சுட்டிக்காட்டியவர் ரேலே. எனினும் மோர்லியின் பணியில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஈரத்தை முற்றிலும் நீக்கிவிட்டதாக அவர் கூறவில்லை. எவ்வளவு எஞ்சியது என்று கூறினார். அந்த எஞ்சிய அளவு தன் கேள்விக்குப் பொருட்டன்று என்றும் காட்டினார்.

4. பேக்கரின் வெடிக்காத வாயு

இதே காலத்தில் ஈரத்தைப் பற்றிய மற்றொரு கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. எலிசபெத் ஃபுல்ஹேம் 1794இல் வெளியிட்ட எரிதல் பற்றிய நூலில், எரிதல் வினைகளில் நீர் இன்றியமையாத பங்கு வகிக்கிறது என்று வாதிட்டிருந்தார். அக்கருத்து நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1880இல் ஹரால்டு டிக்சன், நன்கு உலர்த்திய கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் கலந்த கலவையில் மின்பொறி பாய்ச்சினால் வெடிப்பு நிகழ்வதில்லை என்று காட்டினார். சிறிதளவு நீராவி சேர்ந்ததும் கலவை வெடித்தது.

டிக்சனின் மாணவரான ஹெர்பர்ட் பிரெரட்டன் பேக்கர் இதை மேலும் முன்னெடுத்துச் சென்றார். உலர்த்திய நிலையில் பல வினைகள் நிகழாமற் போகின்றன என்று தொடர்ந்து அறிவித்தார். அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் சந்தித்தால் வெண்புகை எழும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. மிக நன்றாக உலர்த்தினால் அப்புகை எழுவதில்லை என்று 1894இல் எழுதினார். பின்னர் அவர் நீரின் இரு கூறுகளையே எடுத்துக்கொண்டார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைவதற்கும் நீர் தேவையா என்பது கேள்வி.

மின்பகுப்பின் தூய்மை அங்கு மிகவும் முக்கியமாயிற்று. பேக்கர் பேரியம் ஹைட்ராக்சைடைத் திரும்பத் திரும்பப் படிகமாக்கித் தூய்மை செய்து, அதன் கரைசலை மின்பகுத்து இரு வாயுக்களையும் சரியான விகிதத்தில் பெற்றார். கலவையைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடுடன் கண்ணாடிக் குழாய்களில் உருக்கி அடைத்து நெடுநாள் விட்டுவைத்தார். பிறகு சூடாக்கினார். 1902இல் அவர் அறிவித்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது: கலவையினுள் ஒரு வெள்ளிக் கம்பியை உருகும் அளவுக்கு, அதாவது 960 பாகை வரை சூடாக்கியும் வெடிப்பு நிகழவில்லை. சில குழாய்களில் வாயுக்கள் மெதுவாக இணைந்து நீர் உருவானதையும் அவர் பதிவு செய்தார். நீர் உருவான பின்னும் கலவை வெடிக்காததற்கு, அந்நீர் மிகத் தூயது என்பதே காரணம் என்று விளக்கினார். மின்சாரத்தைக் கடத்தும் மாசுள்ள நீரே வினையைத் தூண்டும் என்ற ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கின் கருத்தோடு இவ்விளக்கம் ஒத்துப்போனது.

பேக்கரின் கைத்திறனை எவரும் ஐயுறவில்லை. அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1912 முதல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. மோர்லி தன் வாயுவின் உலர்வை ஓர் எண்ணாகச் சொன்னார். பேக்கரின் குழாய்களில் எஞ்சியிருந்த ஈரத்தை அளக்கும் வழி எதுவும் அன்று இல்லை. ஆகவே வாயு உலர்ந்ததா என்பதை வினை நிகழ்ந்ததா என்பதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று. வினை நிகழாவிட்டால் உலர்வு நிறைவானது. நிகழ்ந்துவிட்டால் உலர்வு போதவில்லை, இன்னும் சில மாதங்கள் விட்டுவைக்க வேண்டும். இந்த வாதத்தை எந்தச் சோதனையாலும் பொய்ப்பிக்க முடியாது. அதே முடிவைப் பெற இயலாத பிற ஆய்வாளர்களிடம், அவர்களுடைய வாயு போதிய அளவு உலரவில்லை என்று எப்போதும் பதில் சொல்லிவிடலாம்.

1922இல் பேக்கர் இன்னும் துணிந்தார். ஆண்டுக்கணக்கில் உலர்த்திய திரவங்களின் கொதிநிலையே உயர்ந்துவிடுகிறது என்று அறிவித்தார். பென்சீனின் கொதிநிலை 20 பாகைக்கும் மேலாக உயர்ந்ததாக எழுதினார். தூசியும் வாயுக்குமிழியும் அற்ற தூய திரவம் கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் வெப்பமேறும் என்பது அறியப்பட்ட நிகழ்வு. பிறர் செய்த கவனமான சோதனைகளில் பேக்கரின் விளைவுகள் மீண்டும் கிடைக்கவில்லை. 1935இல் அவர் மறைந்தபோது, உலர்வின் வியத்தகு விளைவுகளில் பெரும்பகுதி நம்பிக்கை இழந்திருந்தது.

5. ஈரம் உண்மையில் என்ன செய்கிறது?

விடை 1920களிலும் 30களிலும் சங்கிலித்தொடர் வினைக் கொள்கையாக வந்தது. அதை வளர்த்த சிரில் ஹின்ஷெல்வுட், நிக்கலாய் செமியோனவ் ஆகிய இருவரும் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். ஹைட்ரஜன் அணுவொன்று ஆக்சிஜன் மூலக்கூறுடன் மோதினால் இரண்டு வினைமிகு துகள்கள் பிறக்கின்றன. அவை மேலும் பெருகுகின்றன. பெருக்கம் இழப்பை மிஞ்சினால் வெடிப்பு. அழுத்தம், வெப்பநிலை, குழாயின் விட்டம், கண்ணாடிச் சுவரின் மேற்பரப்பு ஆகியவை இழப்பைத் தீர்மானிக்கின்றன. இவ்வினை தொடங்குவதற்கு நீர் தேவையில்லை. சில நிலைமைகளில் நீராவி, மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் மூன்றாம் துகளாகச் செயல்பட்டு வெடிப்பைத் தடுக்கவும் செய்யும்.

ஆனால் டிக்சனின் கார்பன் மோனாக்சைடு முடிவு நிலைத்து நின்றது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனுடன் நேரடியாக வினைபுரிவது மிக மெதுவாகவே நிகழும். நீரிலிருந்தோ ஹைட்ரஜனிலிருந்தோ வரும் ஹைட்ராக்சில் துகள் அதைத் தாக்கும்போதுதான் எரிதல் விரைவடைகிறது. ஆகவே 1794இல் ஃபுல்ஹேம் முன்வைத்த எண்ணம் அனைத்து எரிதலுக்கும் பொருந்தாவிட்டாலும், ஒரு வினையில் உண்மையாயிற்று. ஒரே ஆய்வுமரபிலிருந்து வந்த இரு முடிவுகளில் ஒன்று நின்றது, மற்றது வீழ்ந்தது. அவற்றைப் பிரித்துக்காட்டியது, உலர்வைச் சாராத வேறொரு வழியில் வினையின் படிகளை அறிந்ததுதான்.

6. நங்கலும் அதற்குப் பின்னும்

ஆய்வகத்தின் இக்கேள்வி இருபதாம் நூற்றாண்டில் ஆலைக்குள் நுழைந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாட்ரிக் 1919இல் சிலிக்கா கூழ்மத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1949இல் ராபர்ட் மில்டன் செயற்கை ஜியோலைட்டுகளை உருவாக்கினார். 1954இல் அவை மூலக்கூறு சல்லடை என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. இவை நீரோடு வினைபுரிந்து அழிவதில்லை. தம் நுண்துளைகளின் பரப்பில் நீரை ஈர்த்து வைத்துக்கொள்கின்றன, சூடாக்கினால் விட்டுவிடுகின்றன. ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படும்.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பஞ்சாபின் நங்கல். பக்ரா அணைத் திட்டத்தின் மின்சாரத்தால் நீரை மின்பகுத்துப் பெற்ற ஹைட்ரஜன், அங்குள்ள உர ஆலையில் அம்மோனியா தயாரிக்கப் பயன்பட்டது. அதே ஹைட்ரஜனிலிருந்து டியூட்டீரியத்தைப் பிரித்து 1962 முதல் நாட்டின் முதல் கனநீர் ஆலை இயங்கியது. ஹைட்ரஜனைக் குளிர்வித்துத் திரவமாக்கி வாலைவடிப்பது அதன் முறை. ஹைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 253 பாகை. அந்தக் குளிரில் வாயுவில் எஞ்சிய நீராவி முழுவதும் பனிக்கட்டியாகிக் குழாய்களை அடைத்துவிடும். எஞ்சிய ஆக்சிஜனும் உறைந்து படிந்தால் பேராபத்து. அம்மோனியா தயாரிப்பிலும் நீராவி இரும்பு வினையூக்கியின் செயலைக் கெடுக்கும். மோர்லிக்கு ஓர் எண்ணின் நான்காம் இலக்கத்தைப் பாதித்த ஈரம், இங்கு ஆலையையே நிறுத்தக்கூடியது.

கனநீர் நோக்கில் பார்த்தால் இன்னொன்றும் உண்டு. மின்பகுப்பில் இலேசான ஹைட்ரஜன் முந்திக்கொண்டு வாயுவாக வெளியேற, டியூட்டீரியம் நீரிலேயே மிகுதியாகத் தங்குகிறது. எனவே வாயுவுடன் வரும் ஈரம், அந்த வாயுவைவிட டியூட்டீரியம் செறிந்தது. படிப்படியாகச் செறிவூட்டும் மின்பகுப்பில் அந்த ஈரத்தைக் கைவிடுவது விளைபொருளையே கைவிடுவதற்குச் சமம். டூமாவின் கருவியில் போலவே நீர் இங்கும் மாசாகவும் விளைபொருளாகவும் ஒருசேர நிற்கிறது.

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தித் திறனை இலக்காகக் கொண்டது. இன்றைய மின்பகுப்புக் கலங்கள் பெரும்பாலும் 60 முதல் 80 பாகை வெப்பத்தில் இயங்குகின்றன. 80 பாகையில், வளிமண்டல அழுத்தத்தில், வெளிவரும் வாயுவின் கனஅளவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு நீராவி. ஒரு கிலோகிராம் ஹைட்ரஜனுடன் ஏறத்தாழ எட்டு கிலோகிராம் நீர் வருகிறது. முதலில் குளிர்விப்பதன் வழியாக இதன் பெரும்பகுதி நீராகித் திரும்புகிறது. அழுத்தத்தை உயர்த்தினால் மேலும் குறைகிறது. அடுத்து, ஹைட்ரஜனில் கலந்த சிறிதளவு ஆக்சிஜனை வினையூக்கியின் மீது செலுத்தி நீக்குகிறார்கள். அவ்வாறு நீக்கும்போது புதிதாக நீர் உருவாகிறது. ஆகவே உலர்த்தும் கலங்கள் எப்போதும் அதற்குப் பின்னரே நிற்கின்றன: ஒன்று ஈரத்தை ஈர்க்கும்போது மற்றொன்று சூடாகித் தன் ஈரத்தை விடும்.

எரிமின்கல வாகனங்களுக்கான பன்னாட்டுத் தரம் ஹைட்ரஜனில் பத்து லட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் நீரை அனுமதிப்பதில்லை. வளிமண்டல அழுத்தத்தில் அது மைனஸ் 65 பாகையை ஒட்டிய உறைபனி நிலைக்குச் சமம். ஆனால் வாகனத்தின் எரிமின்கலத்தினுள் நுழைந்ததும் அதே வாயுவுக்கு ஈரமூட்ட வேண்டியிருக்கிறது. அங்குள்ள சவ்வு உலர்ந்தால் புரோட்டான்களைக் கடத்தாது. குழாய்க்கும் கொள்கலனுக்கும் உலர்வு வேண்டும், சவ்வுக்கு ஈரம் வேண்டும்.

ஆய்வேடுகளிலும் ஆய்வுக்கட்டுரைகளிலும் "உலர் ஹைட்ரஜன் பயன்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரி இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. வினையூக்கி ஆய்விலும் வாயுக்களைப் பரப்பில் ஈர்க்கும் பொருள்களின் ஆய்விலும் ஒரு முடிவு மற்றோர் ஆய்வகத்தில் திரும்பக் கிடைக்காதபோது, அந்த வரிக்குப் பின்னால் எந்த எண்ணும் இல்லாதது இடர்ப்பாடாகிறது. எந்த உலர்த்தி, எந்த வெப்பநிலை, எந்த ஓட்ட வேகம், எஞ்சிய ஈரம் எத்தனை பங்கு, அதை அளந்த கருவி எது என்ற விவரங்கள் அந்த வரியோடு சேர்ந்து வரவேண்டியவை. 1885இல் மோர்லி தன் கந்தக அமிலக் குழாயைப் பார்த்துக் கேட்டதும் இந்தக் கேள்விதான். அதற்கு விடை கிடைக்கும்வரை அவர் அணு எடையை எழுதவில்லை.